அவையில் விடையிறுத்த அட்லியார்

இறை என்னும் சொல் நம் மொழியில் அரசனையும் குறிக்கும். குடிகள் அவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். கேட்ட வினாவிற்கு உரைக்கும் விடையையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியது எவ்வாறாயினும், அவற்றினிடையே ஓர் இயைபு உண்டென்பது தெளிவு. வரி கொள்பவன் விடை கூறவும் கடமைப்பட்டவன். இக்கடமையை நாள்தோறும் நிகழும் வழக்கமாகவே அமைத்துக்கொண்ட அவை, இங்கிலாந்து நாட்டின் காமன்ஸ் சபை. அங்கே அங்கத்தினர் வினாக்களை முன்னரே எழுதிக் கொடுப்பர். மந்திரி எழுந்து விடை கூறியபின், அவ்விடையினின்று கிளைக்கும் துணைவினாக்களையும் அவர்கள் எழுப்பலாம். அவற்றிற்கு எழுதிவைத்த விடை கிடையாது; நின்றவாறே உரைத்தல் வேண்டும். பிரதம மந்திரியும் இதற்கு விலக்கல்லர். 1945 முதல் 1951 வரை அவ்விடத்தில் நின்று விடையிறுத்த கிளெமெண்ட் அட்லி என்பாரின் வரலாறு நாம் அறியத்தக்கது.

அட்லியார் 1883-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் லண்டனைச் சார்ந்த பட்னியில் பிறந்தார். தந்தையார் வசதி படைத்த வழக்கறிஞர். இளமையில் அவர் பயின்ற ஹெய்லிபரிப் பள்ளி, கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவிற்கு அனுப்பும் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றிய கல்லூரி இருந்த இடத்திலேயே பின்னர் எழுந்தது. அவ்விடத்திற் பயின்ற ஒருவரே இந்நாட்டில் ஆங்கில ஆட்சி முடிவதற்குரிய சட்டத்தைக் கொணர்ந்தார் என்பது கருதத்தக்கது. ஆக்ஸ்போர்டிற் கற்று, சட்டமும் தேர்ந்த அவர், 1905-இல் கிழக்கு லண்டனில் ஏழைச் சிறுவர்க்கென நடந்த ஒரு மன்றத்தைக் காணச் சென்றார். சென்றவர் அப்பகுதியை விட்டுப் பிரிய மனமின்றிப் பல்லாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். துறைமுகத் தொழிலாளர் விடியற்காலையில் வாயிலின்முன் திரண்டு, இன்று நமக்கு வேலை கிடைக்குமோ என்று ஏங்கி நிற்பதையும், அழைக்கப்படாதவர் வெறுங்கையுடன் இல்லந் திரும்புவதையும் கண்டார். கண்டவை அவர் கொள்கையை மாற்றின. 1908-இல் சுயேச்சைத் தொழிற்கட்சியிற் சேர்ந்தார்.

முதல் உலகப் போரில் கலிப்போலியிலும் மெசபொடேமியாவிலும் போர் புரிந்து, 1916-இற் புண்பட்டார். 1919-இல் ஸ்டெப்னி நகரத் தலைவரானார்; 1922-இல் லைம்ஹவுஸ் தொகுதியின் பிரதிநிதியாகக் காமன்ஸ் சபை புகுந்தார். அத்தொகுதி துறைமுகத் தொழிலாளர் நிறைந்தது. 1927-இல் அமைந்த சைமன் கமிஷனில் அவரும் ஒருவர். இந்தியர் ஒருவரும் இடம்பெறாத அக்குழு இந்நாட்டிற்கு வந்தபோது, சென்னையிலும் பிற நகரங்களிலும் மக்கள் அதனைப் புறக்கணித்தனர். அட்லியார் அவ்வெதிர்ப்பை நேரிற் கண்டவர். 1935-இல் தொழிற்கட்சித் தலைவரான அவர், போர்க்காலத்தில் சர்ச்சிலுக்குத் துணையாகத் துணைப் பிரதம மந்திரிப் பதவியும் வகித்தார். 1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி 393 இடங்களைப் பெற்றது. ஜூலை 26-ஆம் நாள், மனைவியார் ஓட்டிய சிறு மோட்டார் வண்டியில் அரண்மனை சென்று பதவியேற்றார்.

அவர் நாவன்மை படைத்தவரல்லர், கூச்சமுடையவர், வேண்டிய சொல்லுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதவர். ஆயின் வினாநேரத்தில் இக்குறையே நிறைவாயிற்று. நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். சுட்டிக் கூறல், மறுத்துக் கூறல், உடன்பட்டுக் கூறல் என்னும் மூன்றும் செவ்வன் இறை எனப்படும் நேர்விடைகள். ஏவுதல், எதிர்வினாவுதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமான பிறிதொன்றை மொழிதல் என்னும் ஐந்தும் பொருளைச் சுற்றுவழியால் உணர்த்துவன. அரசியலாளர் பலர்க்கும் பின்னைய ஐந்துமே உறவு. அட்லியாரோ பெரும்பாலும் முன்னைய மூன்றனுள் நின்றார். ஆம் எனின் ஆம். அன்று எனின் அன்று. சொல்ல இயலாததாயின், இயலாது என்று கூறி அமர்ந்துவிடுவார்.

இதற்கு ஒரு சான்று காண்க. 1947 பிப்ரவரி 20-ஆம் நாள், 1948 ஜூனுக்குள் இந்தியர்பால் ஆட்சியை ஒப்படைப்பதாகச் சபையில் அவர் அறிவித்தார். வேவல் பிரபு நீங்க, மௌண்ட்பேட்டன் வைசிராயாவார் என்பதும் அவ்வறிக்கையில் இருந்தது. வேவலை நீக்கும் காரணத்தைச் சொல்லுமாறு சர்ச்சில் மீண்டும் மீண்டும் நெருக்கினார். அட்லியார் தாம் முன்னுரைத்ததற்கு மேல் விரித்துரைக்க மறுத்தார். பின்னர் ஒப்படைக்கும் நாள் முன்தள்ளப்பட்டது. ஜூலையிற் சட்டம் நிறைவேற, ஆகஸ்டில் இரு நாடுகள் தோன்றின. பிரிவினையின்போது இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அவ்விரைவு தகுமோ என்னும் வினா இன்றளவும் ஓய்ந்திலது.

தொழிலாளர் துறையில் அவர்க்கு நேர்ந்த சோதனை இதனினும் நெஞ்சையறுப்பது. தொழிற்சங்கங்களை ஒடுக்கிய 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1946-இல் அவர் அரசு நீக்கிற்று. துறைமுகத் தொழிலாளர்க்கு நிலையான பதிவும், வேலையில்லா நாட்களிலும் ஓரளவு ஊதியமும் உறுதி செய்யும் திட்டத்தை 1947-இல் அமைத்தது. அதனை நடத்தும் குழுவில் முதலாளிமார்க்கும் சங்கத்தார்க்கும் சமமான இடம் உண்டு. 1948 ஜூனில் லண்டன் துறைமுகத்தில் 11 தொழிலாளர், துத்தநாக ஆக்சைடு ஏற்றும் வேலைக்குக் கூடுதல் கூலி கேட்டு வேலை மறுத்தனர். அத்திட்டத்தின்படி அவர்கட்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் பொருட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை துறந்தனர். உணவுப் பொருள்கள் கப்பல்களிலே தேங்கின. பங்கீட்டு உணவால் நாடு உயிர்வாழ்ந்த காலம் அது.

கிழக்கு லண்டன் மக்களால் ஆளாகிய தலைவர், அம்மக்களையே எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று. சரக்கிறக்கப் போர்வீரர் ஏவப்பட்டனர். ஜூன் 28-ஆம் நாள் அரசர் பெயரால் அவசரகாலப் பிரகடனம் வெளிவந்தது. அட்லியார் சபைக்கு அதனை அறிவித்து, அன்றிரவே வானொலியில் தொழிலாளரை நோக்கிப் பேசினார். பண்டை நாளில் வாயிலில் வேலைக்கு ஏங்கி நின்ற நிலையைத் தாம் கண்டதை எடுத்துரைத்து, அதனை ஒழித்த திட்டத்தைத் தாமே உடைத்துவிட வேண்டாவென்று வேண்டினார். மறுநாள் வேலைநிறுத்தம் முடிவுற்றது. 1949 ஜூலையில் மீண்டும் அதே நிலை, மீண்டும் பிரகடனம்.

இவ்விடத்து அவர்மேற் சாரும் குறையையும் மறைத்தலாகாது. போர்க்காலமாகிய 1940-இற் பிறந்த 1305-ஆம் எண் ஆணை, வேலைநிறுத்தத்தைத் தடுத்து வழக்குகளை நடுவர்பாற் செலுத்தியது. போர் முடிந்தபின்னும் அதனை அட்லியார் அரசு கைவிடவில்லை. 1951-இல் துறைமுகத் தொழிலாளர் எழுவர்மீது தொடுத்த வழக்கு நிலைபெறாதொழியவே, அவ்வாண்டு ஆகஸ்டில் ஆணை நீக்கப்பட்டது.

வெளிநாட்டுத் துறையை அவர் எர்னஸ்ட் பெவின் என்பாரிடம் ஒப்புவித்திருந்தார். அவர் துறைமுகத் தொழிலாளர்க்காக வாதாடிப் பெயர்பெற்ற சங்கத் தலைவர். ஆயினும் இடர் முற்றியபோது சபை பிரதம மந்திரியின் முகத்தையே நோக்கிற்று. 1950 நவம்பர் 30-ஆம் நாள், கொரியப் போரில் அணுகுண்டைப் பயன்படுத்துவதும் ஆராயப்படுகிறதென அமெரிக்கத் தலைவர் ட்ரூமன் கூறிய செய்தி லண்டனை எட்டியது. சபை கலங்கிற்று, அட்லியாரின் கட்சியினரே அச்சமுற்று அவர்க்கு எழுதினர். அன்று மாலையே, தாம் வாஷிங்டன் செல்லவிருப்பதாக அவர் சபையில் அறிவித்தார். கட்சி வேற்றுமையின்றி அங்கத்தினர் ஆரவாரித்தனர். டிசம்பர் 4 முதல் 8 வரை ட்ரூமனுடன் கலந்து பேசி மீண்டார். அப்போரில் அணுகுண்டு வீசப்படவில்லை.

ஆயினும் அணுகுண்டைப் பற்றியே அவர் விடை கூறாதிருந்த காலமும் உண்டு. இங்கிலாந்தும் அதனைச் செய்வதென 1947 ஜனவரியில் மந்திரிகள் சிலர் மட்டும் கூடி முடிவு செய்தனர். மந்திரிசபை முழுமையும் அதனை அறியவில்லை. 1948 மே மாதத்தில், ஓர் அங்கத்தினர் வினாவிற்குப் பாதுகாப்பு மந்திரி கூறிய சுருங்கிய விடையாலேயே காமன்ஸ் சபை அதனைக் கேள்வியுற்றது. அதற்கெனச் செலவான பெரும்பொருளும் சபை அறியாவண்ணம் கணக்குகளுள் மறைந்து கிடந்தது. குடிகளின் இறையைக் கொண்டும் குடிகட்கு இறை கூறாத இச்செயல், அவர்தம் செவ்விய வாழ்வில் நேர்ந்த ஒரு கோணல் என்றே கூறுதல் வேண்டும்.

1951 அக்டோபரில் ஆட்சி அவர் கையினின்று நீங்கிற்று. 1955-இற் கட்சித் தலைமையைத் துறந்து பிரபுக்கள் சபை சேர்ந்தார். 1967 அக்டோபர் 8-ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பொருள் 7,295 பவுன். ஆறாண்டு பேரரசை நடத்தியவர்க்கு அது மிகச் சிறிது.

அன்பர்களே, வினாவுதற்குரியாரை உடையவராயிருத்தல் தலைமைக்கு இழிவன்று. அதுவே அதன் காவல். அட்லியார் விடையிறுத்தவிடத்துப் பகைவரும் அவரை மதித்தனர். விடை மறைத்தவிடத்து நண்பரும் வருந்தினர். நாடாள்வோர்க்கு மட்டுமன்று, சிறிய சங்கமொன்றின் பொருளாளர்க்கும் இது பொருந்தும். ஆண்டுக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கணக்குக் கேட்பாராயின், முகஞ்சுளியாது, சுற்றி வளையாது, செவ்வன் இறை கூறுவோமாக.