பச்சைத் தண்ணீருக்குள் நடக்கும் வேட்டை: குளத்துப் பாசிகளைத் தேடிய எம்.ஓ.பி. ஐயங்கார் யார்?

பீளமேட்டில் இருந்து சில கிலோமீட்டர் போனால் சிங்காநல்லூர் குளம். இந்த மாதிரி ஒரு குளத்துத் தண்ணீரை டம்ளரில் மொண்டு பார்த்தா லேசா பச்சையா தெரியும், அவ்வளவுதான். ஆனா மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் துரத்தலும் தப்பித்தலும் ஓயாமல் நடக்கும் இடம் அது.

தென்னிந்தியக் குளம் குட்டைகளில் இந்தப் பாசிகளைத் தேடித் தேடி ஆராய்ந்தவர் எம்.ஓ.பார்த்தசாரதி ஐயங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியல் மாணவர்கள் படிப்பது இவரைத்தான்.

யார் இவர்?

1886 டிசம்பர் 15-ல் சென்னையில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அருங்காட்சியக வேலை, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று சுற்றி, 1920-ல் படித்த கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

பேராசிரியர் ஆயாச்சு, போதும்னு இருந்திருக்கலாம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு 1930-ல் லண்டன் குயின் மேரி கல்லூரிக்குப் போய், ஃபிரிட்ச் என்ற பாசியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1932-ல் ஈர மண்ணில் வளரும் புதிய பாசி ஒன்றை அறிவித்து, அதற்குக் குருவின் பெயரையே வைத்தார்: ஃபிரிட்சியெல்லா. நீர்ப்பாசியில் இருந்து நிலத்துச் செடிகள் வந்தது எப்படி என்ற பேச்சு வரும்போது இந்தப் பெயரும் வரும்.

ஏன் கூட்டமாக வாழ்கின்றன?

அவர் அதிகம் உழைத்தது வால்வாக்ஸ் வகைப் பாசிகளில். தென்னிந்தியாவில் கூட்டமாக வாழும் வகைகள் பற்றி 1933-ல் விரிவான ஆய்வை வெளியிட்டார். கிளாமிடோமோனாஸ் தனி செல். பாண்டொரினா பெரும்பாலும் 16 செல்கள் சேர்ந்த குட்டி உருண்டை. வால்வாக்ஸில் ஆயிரக்கணக்கான செல்கள். வெறும் கண்ணுக்கே பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு சாட்டை இழைகள் துழாவ, உருண்டை சுழன்றபடி நீந்தும்.

சேர்ந்திருப்பதால் என்ன லாபம்? ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகளால் சுழலை உண்டாக்கி, சிறு செல்களை உள்ளே இழுத்துவிடும். மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த டாஃப்னியா தண்ணீரையே வடிகட்டித் தின்னும். தனி செல் மாட்டிக்கொள்ளும். பெரிய உருண்டை அந்த வாயில் நுழையாது. இது வெறும் ஊகம் இல்லை. 2019-ல் வெளியான ஆய்வில், கிளாமிடோமோனாஸை அதைத் தின்னும் பாரமீசியத்தோடு சேர்த்து வளர்த்தார்கள். சுமார் 750 தலைமுறைக்குள், ஐந்து கூட்டங்களில் இரண்டு பல செல் வடிவத்துக்கு மாறியிருந்தன.

ஆனா வேட்டைக்காரனும் சும்மா இருப்பதில்லை. ஒரு வகை ரோட்டிஃபர் வால்வாக்ஸ் உருண்டையைத் துளைத்து உள்ளேயே குடியேறி, அங்கேயே முட்டையிட்டு, செல்களைத் தின்று தீர்க்கும்! வீட்டுக்குள் புகுந்த திருடன் மாதிரி. குளம் வற்றினால் இன்னொரு சிக்கல். அப்போது வால்வாக்ஸ் தடித்த ஓடுள்ள வித்துகளாக மண்ணில் தங்கி, தண்ணீர் வந்ததும் முளைக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் ஐயங்கார் உருவாக்கிய மாணவர்களில் ஒருவர் டி.வி.தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய அவரது 1959 நூல் இன்றும் ஆய்வகங்களில் புரட்டப்படுகிறது. ஐயங்கார் 1963 டிசம்பர் 10-ல் காலமானார். பழுப்புக் கடற்பாசி இனம் ஒன்றுக்கு ஐயங்காரியா என்று பெயர்.