அமெரிக்காவிலேயே பிறந்தும் அந்நியராகவே பார்க்கப்பட்ட நடிகை... யார் இந்த அன்னா மே வாங்?

ஒரு ஊரையோ, சமூகத்தையோ நேரில் பார்க்காமலேயே அவங்க இப்படித்தான் என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த முடிவில் பாதி, சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்படிப்பட்ட ஒரு பிம்பத்துக்குள் வாழ்நாள் முழுக்க அடைபட்டவர்தான் ஹாலிவுட்டின் முதல் சீன வம்சாவளி நட்சத்திரமான அன்னா மே வாங்.

சலவைக் கடைக்காரர் மகள்

1905 ஜனவரி 3-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர் அன்னா. அப்பா சலவைக் கடை நடத்தினார். குடும்பம் அமெரிக்காவில் வேரூன்றி தலைமுறைகள் ஆகியிருந்தன. ஆனால் சட்டம் வேற மாதிரி இருந்தது. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வர 1882-ல் போடப்பட்ட தடை 1943 வரை நீடித்தது. அமெரிக்காவில் பிறந்த அன்னாவே வெளிநாடு கிளம்பினால், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டே வேடம்தான்!

1922-ல் வெளியான 'தி டோல் ஆஃப் தி சீ' படத்தில் 17 வயதிலேயே நாயகி. அமெரிக்கரைக் காதலித்து, கைவிடப்பட்டு, குழந்தையையும் கொடுத்துவிட்டு கடலில் இறங்கும் சீனப் பெண் வேடம். நடிப்புக்குப் பாராட்டு குவிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தேடி வந்த வேடங்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, அழுதுகொண்டே சாகும் அப்பாவிப் பெண். இல்லையென்றால், சதி செய்யும் ஆபத்தான அழகி.

1931-ல் வந்த 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' இரண்டாவது வகை. உலகத்தையே அடக்கத் துடிக்கும் சீன வில்லன் ஃபூ மன்சூவின் மகளாக நடித்தார். அந்த வில்லன், ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் கற்பனை. படத்தில் அந்தச் சீனராக நடித்தவரோ ஸ்வீடனில் பிறந்த வெள்ளையர். அதாவது, சீனர்கள் எப்படி இருப்பாங்க என்பதை சீனர் அல்லாதவர்களே எழுதி, நடித்து, உலகத்துக்குக் காட்டினார்கள். சீனரோடு ஒருமுறைகூடப் பேசியிராத ரசிகருக்கு அதுதான் உண்மை. ரசிகர்கள் அதையே எதிர்பார்க்க, ஸ்டூடியோக்களும் அதையே திரும்பத் திரும்ப எடுத்தன.

கை நழுவிய பெரிய வாய்ப்பு

இந்த வேடங்கள் சலித்துப்போய்தான் 1928-லேயே அன்னா ஐரோப்பா போயிருந்தார். அங்கே மேடை, சினிமா இரண்டிலும் பெயர் வாங்கினார். திரும்பி வந்து 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) படத்தில் மர்லீன் டீட்ரிச்சுக்கு இணையாகக் கவனம் பெற்றார்.

அப்போதுதான் சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' படத்துக்கான வேலைகள் தொடங்கின. நாயகி வேடத்துக்கு ஆசைப்பட்டார் அன்னா. கிடைக்கவில்லை. நாயகன் வேடம் வெள்ளையரான பால் முனிக்குப் போனது. வெவ்வேறு இனத்தவர் ஜோடியாக வருவதற்கு அப்போதைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் இடம் கொடுக்கவில்லை. ஆக, சீனர் வேடம் போட்ட வெள்ளையருக்கு நிஜ சீனப் பெண் மனைவியாக நடிக்க முடியாது! நாயகியாக நடித்த ஜெர்மானியரான லூயிஸ் ரெய்னர் அதற்கு ஆஸ்கர் விருதும் வாங்கினார். அன்னாவுக்குப் பேசப்பட்டது, குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி வேடம். மறுத்துவிட்டார்.

சீனாவிலும் திட்டு

1936-ல் சீனாவுக்குப் பயணம் போனார். அங்கே காத்திருந்தது இன்னொரு அடி. சீனர்களை இழிவாகக் காட்டும் படங்களில் ஏன் நடித்தீர்கள் என்று அங்கிருந்த பத்திரிகைகள் சாடின. அமெரிக்காவுக்கு அவர் சீனர், சீனாவுக்கு அவர் அமெரிக்கர். அவர் உருவாக்காத பிம்பத்துக்கு இரண்டு பக்கமும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மாற்றம் வந்ததா?

கொஞ்சம் வந்தது. 1937-ல் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில், தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப்போகும் துணிச்சலான பெண்ணாக நடித்தார். இதில் அவர் வில்லியும் இல்லை, கடைசியில் சாகவும் இல்லை. ஜோடி, கொரிய வம்சாவளி நடிகர் பிலிப் ஆன். 1951-ல் தன் சீனப் பெயரான லியூ சோங் என்பதையே பாத்திரத்தின் பெயராகக் கொண்ட தொலைக்காட்சித் தொடரில் நாயகியானார். ஆசிய வம்சாவளியைச் சேர்ந்தவர் நாயகியாக நடித்த முதல் அமெரிக்கத் தொடர் அது.

1961 பிப்ரவரி 3-ல், 56 வயதில் காலமானார் அன்னா.

திரையில் வரும் ஒரு வேடத்தைப் பார்த்து ஒரு சமூகத்தையே எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. அவரை வெளியாளாகவே பார்த்த அமெரிக்கா, 2022-ல் 25 சென்ட் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. அமெரிக்க நாணயத்தில் இடம்பிடித்த முதல் ஆசிய வம்சாவளி அமெரிக்கர் அவர்தான்.