இசைக்கருவியின் உள்ளுறை கண்ட இராமன்

பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் 35-ஆம் எண் தாங்கி நிற்கும் பல்கலைக்கழக வளாகத்தை அறியாத தமிழர் இவ்வட்டாரத்தில் இலர். நம் பிள்ளைகள் பலர் அங்கே பயின்றிருக்கின்றனர். அவ்வளாகம் தாரகநாத பாலித் என்னும் வள்ளலின் பெயரால் வழங்குகிறது. வழக்கறிஞராய்ப் பெரும்பொருள் ஈட்டிய அப்பெருமகனார் 1912-ஆம் ஆண்டில் தம் நிலத்தையும் செல்வத்தையும் அறிவியற் கல்விக்கெனக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்தார். அக்கொடையால் அமைந்த பௌதிகப் பேராசிரியர் பதவியில் முதன்முதலாக அமர்ந்தவர், காவிரிக் கரையிலே திருவானைக்காவில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார்.

இராமன் என்றதும் ஒளி என்பார் உலகோர். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டறியப்பட்ட ஒளிச்சிதறலும், 1930-இல் அதன் பொருட்டுக் கிடைத்த நோபல் பரிசும் பள்ளிச் சிறாரும் அறிந்தவை. ஆதலின் அவற்றை ஈண்டு விரித்துரைக்க மாட்டோம். ஒளிக்கு வருமுன் அவர் தம் இளமையின் பெரும்பகுதியை ஒலிக்குக் கொடுத்தார். தந்தியும் தோலும் மரமும் எவ்வாறு இசையாகின்றன என்று கல்கத்தாவில் இருந்தே ஆராய்ந்தார். அது நம்மவராலும் மறக்கப்பட்டு வருவதால், அதனையே கூற முற்படுகின்றோம்.

அவர் 1888 நவம்பர் 7-ஆம் நாள் தோன்றினார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். பிடில் வாசிப்பதில் பேரார்வம் உடையவர். ஆகவே மகனுக்குத் தந்தியின் அதிர்வு தொட்டிற்பருவத்திலேயே அறிமுகமாயிற்று எனலாம். சென்னை மாகாணக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. பட்டங்களை முதன்மையாகப் பெற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை பயின்றவர். பிடிலும் வீணையும் கூடிய இவ்வில்லறத்திலிருந்து ஒலியாராய்ச்சி பிறந்ததில் வியப்பில்லை.

நிதித்துறைத் தேர்வில் வென்று, 1907-இல் துணைக் கணக்காயராகக் கல்கத்தாவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டே. ஒருநாள் டிராம் வண்டியிற் செல்கையில், பௌபஜார் வீதி 210-ஆம் எண்ணில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டார். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அக்கழகம் அக்காலை ஆராய்வாரின்றிக் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர். உள்ளே சென்ற இளைஞரை நிறுவியவரின் மைந்தர் அமிர்தலால் சர்க்கார் அகமகிழ்ந்து வரவேற்றார். அன்று தொட்டுக் காலையிலும் மாலையிலும் கழகம், இடையே அலுவலகம் என்பதே இராமனின் வாழ்வாயிற்று. 1909-இல் இரங்கூனுக்கும் 1910-இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டவர் 1911-இல் மீண்டும் இந்நகரை அடைந்தார்.

பிடிலின் தந்தி வில்லால் உராயப்படும்போது எவ்வாறு அசைகிறது என்பதைப் படம்பிடித்து, கணக்கிட்டு, 1918-இல் கழகத்தின் வாயிலாகப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பிடில் வாசிக்கும் பொறி ஒன்றையும் தாமே அமைத்தார். அதில் வில் நிலையாய் நிற்கும். பிடிலே முன்னும் பின்னும் நகரும். மனிதக் கை ஒரே அழுத்தத்தில் நெடுநேரம் வாசிக்க இயலாதன்றோ? வில்லின் அழுத்தம், அதன் வேகம், குதிரையிலிருந்து அதன் தொலைவு ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை அப்பொறி காட்டிற்று. கருவியின் உடலுக்கு இயல்பான அதிர்வும் தந்தியின் சுரமும் ஒன்றாகுமிடத்தில் நாதம் உளறி ஊளையிடும். மேனாட்டார் இதனை ஓநாய்ச் சுரம் என்பர். இதன் காரணத்தையும் அவர் விளக்கினார்.

எனினும் எம் மனத்தைக் கொள்ளைகொண்டவை நம் நாட்டுக் கருவிகள் பற்றிய ஆய்வுகளே. மீட்டும் தந்தி பற்றி மேனாட்டார் கண்ட ஒரு விதி உண்டு. தந்தி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் எழும். ஒவ்வொரு மேற்சுரத்திற்கும் தந்தியில் அசையாத புள்ளிகள் சில உள. அப்புள்ளியில் மீட்டினால் அம்மேற்சுரம் எழாது. தந்தியை நட்டநடுவில் மீட்டினால் இரண்டாம் மேற்சுரம் கேளாது என்பதே விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவ்விதி பொய்த்துப்போவதை இராமன் 1921-இல் எடுத்துக் காட்டினார். எழக்கூடாத மேற்சுரம் அங்கே இனிது எழுகிறது. காரணம் குதிரையில் இருந்தது. மேனாட்டுக் குதிரை கூரிய விளிம்புடையது. நம் குதிரையோ அகன்று, மெல்ல வளைந்த முதுகுடையது. தந்தி அம்முதுகைத் தொட்டும் விட்டும் அதிர்வதால் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. தம்பூராவில் நாம் ஜீவா என்று செருகும் நூலிழை அத்தொடுகையைச் செவ்வையாக்குகிறது. நூலிழைக்கு உயிர் என்று பெயரிட்ட நம் முன்னோரின் செவி நுட்பத்தை என்னென்பது!

மிருதங்கம் பற்றியும் கூறவேண்டும். வெறுந்தோலின் மேற்சுரங்கள் அடிப்படைக்கு 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றிச் சிதறுபவை. ஆதலால் சாதாரண முரசில் ஓசையுண்டு, சுருதியில்லை. வலந்தலையின் நடுவே கிட்டக்கல் தூளும் சோறும் குழைத்து அடுக்கடுக்காக இடும் கரும்பூச்சு, அம்மேற்சுரங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் ஒழுங்கில் கொண்டுவந்து நிறுத்துகிறது. சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து 1920-இல் இதனை இங்கிலாந்தின் நேச்சர் இதழில் வெளியிட்டார். தோலின்மேல் நுண்மணல் தூவி அசையாக் கோடுகளைக் கண்ட விரிவான கட்டுரை 1934-இல் வந்தது. நம் கருவிகள் நாகரிகம் முதிராதோரின் கைவேலை என்று கருதிய மேனாட்டார்க்கு இதைவிடத் தக்க விடை வேறில்லை. 1927-இல் ஜெர்மானியர் தொகுத்த பெரும் பௌதிகக் களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு, ஆசியர் ஒருவரான இராமனிடமே ஒப்படைக்கப்பட்டது.

இதற்கிடையில் 1917-இல் சர் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுப் பாலித் பேராசிரியரானார். அரசுப் பணியில் பெற்றதிற் பாதியளவே ஊதியம். மேலும் உயரக்கூடிய பதவியை இருபத்தெட்டு வயதில் உதறிய துணிவு, மாதச் சம்பளத்தை நம்பிக் கடல்போன்ற இந்நகருக்கு வந்த நமக்கன்றோ நன்கு விளங்கும்!

இனி, இளைஞர்கள் விரும்பும் ஒன்றைச் சொல்வோம். இராமன் நோபல் பரிசு பெற்றதற்கு அடுத்த ஆண்டாகிய 1931-இல் அமெரிக்காவில் மின்கித்தார் உருவாயிற்று. ஜார்ஜ் போஷாம்ப் என்பாரின் அம்முதற் கருவி, மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கித்தாரே. அவ்வகைக் கித்தார் வங்காளத்து இல்லங்களிற் பெரிதும் பரவியது. சுனில் கங்கூலி மின்கித்தாரில் வாசித்தளித்த இசைத்தட்டுகளைக் கேளாத முதியோர் இந்நகரில் அரியர். இக்கருவியை இராமன் ஆராய்ந்தாரில்லை. ஆயினும் அவர் எடுத்தாண்ட விதி அதனுள்ளும் ஆட்சிபுரிகிறது. உருக்குத் தந்தியின் அடியில் காந்தமும், மயிரினும் மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிர, சுருளில் மின்னோட்டம் எழுகிறது. பிக்கப் தனக்கு நேர்மேலுள்ள புள்ளியின் அசைவையே கேட்கும். வெற்றுத்தந்தியின் கால்பங்கு இடத்தில் அதனைப் பொருத்தினால் நான்காம் மேற்சுரம் அதன் காதில் விழாது. ஒரே கித்தாரில் இரண்டு மூன்று பிக்கப்புகளை வெவ்வேறிடத்தில் பதித்து, சுவிட்சால் மாற்றுவதன் பயன் இதுவே.

அதன்பின் வரும் உறுப்புகளும் சிறியனவே, ஆயின் வலியன. வால்யூம் கன்ட்ரோலின் மின்தடை 2,50,000 ஓம் ஆயின் நாதம் சற்றே மென்மையுறும். 5,00,000 ஓம் ஆயின் கூர்மை மிகும். டோன் கன்ட்ரோலில் உள்ள 0.022 மைக்ரோபாரட் கண்டென்சர், மேற்சுரங்களைத் தரைக்கம்பிக்கு வடித்துவிடுகிறது. ஒற்றைச் சுருள் வீட்டு மின்சாரத்தின் 50 அதிர்வு இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். எதிரெதிராய்ச் சுற்றிய இரட்டைச் சுருள் அவ்விரைச்சலை ஒன்றையொன்று கொண்டு அழிக்கும். கச்சேரி நடுவே கருவி ஊமையாவதற்கோ பெரும்பாலும் பிக்கப் காரணமன்று. சரிவரப் பற்றாத ஈயமும், தளர்ந்த ஜாக்குமே காரணம். கன்ட்ரோலைத் திருகும்போது எழும் கரகரப்பு, உள்ளே படிந்த தூசியின் குரல். கல்கத்தாவின் ஆஷாட மழையும் ஈரக்காற்றும் அதற்கு உற்ற துணை. மரத்தின் அழகுக்கே பணத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே எட்டிப்பாராத இளைஞர்க்கு இதனை அழுத்திச் சொல்கின்றோம்.

வீணையில் பிக்கப் பொருத்தலாமா என்னும் பூசல் நம் சபைகளில் உண்டு. இராமனின் ஆய்வைப் பற்றுக்கோடாகக் கொண்டு எம் கருத்தைச் சொல்வதானால், குதிரையின் முதுகு விளைக்கும் மேற்சுரங்கள் தந்தியிலேயே இருப்பதால் அவை பிக்கப்பிலும் வரும். பலாமரக் குடத்தின் முழக்கமே பெரும்பாலும் விடுபடும். இழப்பு உண்டு, ஆனால் சிலர் அஞ்சுமளவு இல்லை.

1921-இல் இங்கிலாந்து சென்ற இராமன், இலண்டன் புனித பால் ஆலயத்தின் மெல்லொலி மாடத்தைக் கண்டு ஒலியாராய்ந்தார். அப்பயணத்திலேயே கடலின் நீலம் அவரை ஒளியின்பால் ஈர்த்தது. 1924-இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணாக்கர் சூழ, பௌபஜார்க் கழகம் உலகப் புகழ் எய்திற்று. 1933-இல் அவர் பெங்களூர் அறிவியல் நிலையத்தின் தலைமையேற்கச் சென்றார். மறு ஆண்டே கழகத்தின் நிருவாகம் பற்றி எழுந்த பூசலில், இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாகத் தாம் உழைத்த இடத்தின் பிடி அவர் கையினின்று நழுவியது. வங்காளம் அவருக்குக் கதவைத் திறந்தது, வாழ்வளித்தது, இறுதியில் மனக்கசப்பையும் அளித்தது. பிழை எப்பக்கம் என்று நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. அவர்தம் சொல்லும் கடுமையானது என்பதை மறுப்பார் இலர்.

1948-இல் பெங்களூரில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954-இல் பாரத ரத்தினம் ஆனார். 1970 நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அவர் விருப்பப்படியே நிலையத்துத் தோட்டத்தில் எரியூட்டினர். அவ்விடத்தில் நினைவுக்கல் வைக்கவில்லை. ஒரு மரம் நட்டனர்.