எலைசா அக்னியூ அம்மையாரும் எமது பழைய சுவர்களும்

எமது உடுவில் மகளிர் கல்லூரியை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையார் 1833இல் மறைந்தார். அவர் நட்ட கன்றை மரமாக வளர்த்தவர் எலைசா அக்னியூ அம்மையார். சங்கத்தின் நூற்றாண்டு மலரில், சாவகச்சேரியில் வாழும் பழைய மாணவிகளாகிய நாம் அவரை நன்றியுடன் நினைவுகூருகிறோம்.

1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிறந்தவர் அவர். எட்டு வயதில், பூமிசாத்திர வகுப்பில் இருந்தபோதே தூர தேசத்துக்குச் சென்று தொண்டாற்ற மனம் கொண்டார். ஆயினும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை முடியும்வரை பொறுத்திருந்து, 1839இல் கப்பலேறினார். 1840இல் யாழ்ப்பாணம் வந்தபோது வயது முப்பத்திரண்டு. அதன்பின் தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பிச் செல்லவில்லை.

பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நினைத்த காலம் அது. பிள்ளைகளை விடுதிக்கு வரவழைக்கவும் இடையில் நின்றுவிடாமல் காக்கவும், படிப்பை முடிக்கும் பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. பின்னர் அந்தத் தேவை குறைந்தது; படித்த பெண்ணைத் தேடி மாப்பிள்ளை வீட்டார் வரும் நிலை உருவாயிற்று. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவால் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சுருங்கிய அந்த நாட்களிலும் உடுவில் விடுதி மூடப்படவில்லை. அம்மையார் தம் பணியை விட்டு அசையவுமில்லை.

விடுமுறை வந்தால் ஓய்வெடுப்பதில்லை. மணமாகிப் போன மாணவிகளின் வீடுகளைத் தேடிக் கிராமம் கிராமமாகச் செல்வார். முதலில் தாய்க்குப் படிப்பித்தவர், பிறகு மகளுக்கும், இறுதியில் பேத்திக்கும் படிப்பித்தார். அவரிடம் கற்றோர் ஆயிரத்துக்கும் மேல். ஆயிரம் பெண்களின் தாய் என்ற பெயர் அதனால் வந்தது. அவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவத்தைத் தழுவினர். மதம் பரப்புவது மிஷனின் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எழுத்தறிந்த தாய் பிள்ளைக்கு எழுத்தறிவித்தாள். அந்தப் பயன் எல்லாச் சமயத்து வீடுகளுக்கும் பரவிற்று.

1879இல் பொறுப்பை சூசன் ஹவ்லண்ட் அம்மையாரிடம் கொடுத்து ஓய்வுபெற்றார். 1883 யூன் மாதம் மானிப்பாயில், எழுபத்தாறு வயதில் கண்மூடினார். பிறந்த ஊரில் வாழ்ந்த ஆண்டுகளைவிட எமது மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளே அதிகம்.

இத்தகைய ஒருவரை நினைக்கும்போது, அவர் நடமாடிய வளவையும் நினைக்க வேண்டும். 1820இல் மிஷனரிமார் உடுவிலுக்கு வந்து, போர்த்துக்கேயர் காலத் தேவாலயத்தின் இடிபாடுகளைத் திருத்தியே குடியேறினார்கள். பழையதை இடித்துத் தள்ளாமல் திருத்திக்கொள்வதே எமது கல்லூரி வளவின் முதற் பாடம். 2000ஆம் ஆண்டுப் போரில் தரைமட்டமான சாவகச்சேரியைக் கண்ட எமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். சுவர் விழுந்தால் புதிதாகக் கட்டலாம். அதனோடு போன பதிவேடும் படமும் திரும்பி வருவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்கள் பெரும்பாலும் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. மாரியில் ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளிவிடும். அழகுக்கென்று மேலே சீமெந்து பூசினால், ஈரம் உள்ளே அடைபட்டு உப்புப் பூத்து, சாந்து உதிர்ந்து போகும். வியர்க்க முடியாத உடம்பு காய்ச்சலில் தவிப்பதைப் பார்க்கும் மருத்துவராகிய எமக்கு இது எளிதில் விளங்குகிறது. பழைய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. ஓடு விலகியவுடன் சரிசெய்வதே முதலுதவி.

ஆகவே உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அன்னையின் பழைய கட்டடங்களுக்கு உதவ முன்வரும்போது, புதுப்பிப்பதற்கு முன் அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்போம். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் படங்கள், சான்றிதழ்கள், கடிதங்களின் பிரதிகளைச் சங்கத்திடம் சேர்ப்போம். எமது பூட்டிமாரைத் தேடி வீடு வீடாகச் சென்ற அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.