பன்றிக் கொப்புளத்தின் மர்மத்தை உடைத்த டாக்டர்

வலிப்பு வந்து துடிப்பவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம்மவர் வழக்கம். காற்று கருப்பு என்று வேப்பிலை அடிக்கிறவர்களும் உண்டு. அந்த வலிப்புக்கு ஒரு புழுவும் காரணமாக இருக்கலாம் என்று அறிய அடிகோலியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பிரீடரிக் கூச்சன்மைஸ்டர்.

ஜெர்மனியின் சாக்ஸனி பகுதியில் 1821 ஜனவரி 22ல் பிறந்த இவர், லைப்சிக்கிலும் பிராக் நகரிலும் வைத்தியம் படித்துவிட்டு, சிட்டாவ் என்ற சிற்றூரில் தொழில் நடத்தி வந்தார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இவருக்குக் கிடையாது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் புழுக்களைப் பார்த்தார்.

பன்றி இறைச்சியில் அரிசி போல, பயறு போல வெள்ளைக் கொப்புளங்கள் காணப்படுவதுண்டு. நாடாப்புழு வழி தவறிப் போய், நீர் கோத்து வீங்கியதே அந்தக் கொப்புளம் என்று அக்காலப் பேராசிரியர்கள் சொல்லி வந்தார்கள். கூச்சன்மைஸ்டருக்கு அது பொருந்தவில்லை. இயற்கையில் காரணமில்லாமல் ஒன்று இராது, கொப்புளம் புழுவின் இளம் பருவமாகவே இருக்க வேண்டும் என்று கருதினார். 1851ல் முயலில் இருந்த கொப்புளங்களை விலங்குகளுக்குத் தின்னக் கொடுத்து, அவற்றின் குடலில் நாடாப்புழு வளர்வதைக் கண்டார்.

மனிதன் விஷயம்? அங்கேதான் இவர் யாரும் துணியாத காரியத்தைச் செய்தார். 1855ல், மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவருக்குப் பன்றிக் கொப்புளங்களை வெதுவெதுப்பான சூப்பில் கலந்து கொடுக்கச் செய்தார். தலை வெட்டப்பட்ட பிறகு குடலைத் திறந்து பார்த்தபோது, குட்டி நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு கைதிக்கு, சாவதற்குச் சில மாதம் முன்பே கொடுத்தார். நாற்பது கொப்புளங்களில் ஏறத்தாழப் பாதி புழுவாகியிருந்தன. ஒன்று ஐந்தடி நீளம்.

சாகப் போகிறவனுக்குப் புழுவை ஊட்டுவது மனிதத்தன்மையா என்று அன்றே கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமானதுதான். இன்று எந்த ஆஸ்பத்திரியும் இதை அனுமதிக்காது. ஆனாலும், சரியாக வேகாத பன்றிக் கறியால்தான் இந்தப் புழு மனிதனுக்கு வருகிறது என்பது அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

மறுபாதிக் கதையும் உண்டு. புழு உள்ளவனின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. திறந்தவெளியில் அதைத் தின்னும் பன்றியின் சதையில் கொப்புளம் உண்டாகிறது. அதே முட்டை கழுவாத கை வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ மனிதன் வயிற்றுக்குள் போனால், கொப்புளம் மனிதனுக்கே வரும். மூளையில் தங்கினால் வலிப்பு. ஆகவே பன்றிக் கறியைக் கண்ணாலும் பாராத சைவர்களும் தப்ப முடியாது. திருப்பதியில் ஓட்டல் சாப்பாட்டை நம்பியிருக்கும் நம் தொழிலாளிகள், சமைப்பவர் கை கழுவினாரா என்று கவனிப்பது நல்லது.

சென்னையில் வலிப்பு கண்டு இறந்த ஒரு கூலியாளுக்கு இந்நோய் இருந்ததை 1888ல் ஆம்ஸ்ட்ராங் என்ற டாக்டர் எழுதினார். இந்தியாவில் இதுவே முதல் பதிவு. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. அந்த வேலூர் வட்டாரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் இக்கொப்புளமே காரணமெனத் தெரிந்தது. இதற்கு மாத்திரை உண்டு. ஆனால் ஸ்கேன் பார்த்து டாக்டர் சொன்ன பிறகே சாப்பிட வேண்டும். கடையில் வாங்கித் தானே விழுங்கினால் மூளை வீங்கி ஆபத்தாகலாம்.

கூச்சன்மைஸ்டர் பின்னாளில் டிரெஸ்டன் நகருக்குக் குடிபோனார். பிணத்தைப் புதைப்பதைவிட எரிப்பதே சுகாதாரம் என்று அங்கே பிரசாரம் செய்தார். நமக்கு இது புதிதல்ல, அந்த ஊர்க்காரர்களுக்கோ பெரிய அதிர்ச்சி! 1890 ஏப்ரல் 13ல், தமது 69வது வயதில், அதே நகரில் காலமானார்.