சாமிக்கு முகம் கொடுத்தவர்: நம்ம வீட்டு காலண்டருக்குப் பின்னால் இருக்கும் கொண்டையராஜு யார்?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற அந்த மணல் திட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சாத்தூரில் இருந்து நடந்தே வருகிறவர்கள், அக்கினிச்சட்டி எடுப்பவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள் என்று ஒரே கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பெரும்பாலானோர் ஒரு கடையில் நிற்பார்கள். அது சாமி படம் விற்கிற கடை.

அந்தக் கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன், தாமரையில் இருக்கும் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி. வட்டமான முகம், லேசான சிரிப்பு, நம்மையே நேராகப் பார்க்கும் கண்கள். சாமி என்றதும் நம் மனதில் வருவது இந்த முகம்தான். இந்த முகத்தை வரைந்து பழக்கியவர்களில் முக்கியமான ஒருவர், இருக்கன்குடியில் இருந்து அதிக தூரமில்லாத கோவில்பட்டியில் வாழ்ந்தார். பெயர் சி.கொண்டையராஜு. 1976-ல் இறந்தார். அவர் படத்தைத் தெரியாத வீடு குறைவு. ஆனால் அவர் பெயரைத் தெரிந்த வீடு அதைவிடக் குறைவு.

யார் அவர்? ஏன் இப்போது அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்?

அவருக்கு முன்னால் என்ன இருந்தது?

கொண்டையராஜுவுக்கு வருவதற்கு முன்னால், படம் அச்சாவது எப்படி என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் மரச்செதுக்கு. ஒரு மரக்கட்டையில் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். கோடு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுப்பார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை தடவி காகிதத்தில் அழுத்தினால் படம் விழும். ரப்பர் ஸ்டாம்ப் வேலை செய்கிற அதே முறைதான். அச்சு எழுத்துகளோடு சேர்த்தே அந்தக் கட்டையையும் பூட்டி அடிக்கலாம் என்பதால், செலவு குறைவு. ஒரு கட்டையில் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம்.

19-ம் நூற்றாண்டில் கொல்கத்தாவின் பட்டாலா பகுதியில் இப்படித்தான் காளி, துர்க்கை, கிருஷ்ணன் படங்களை அடித்து விற்றார்கள். சென்னையில் குஜிலிக் கடைகளில் விற்ற மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களின் அட்டையிலும் மரக்கட்டைப் படங்கள் இருந்தன. நம்ம ஊர் தீப்பெட்டிக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானில் இருந்து தீப்பெட்டி இறக்குமதியான தொடக்க காலத்தில், அதன் லேபிள்கள் மரக்கட்டையில் அச்சானவை.

ஆனால் மரச்செதுக்கில் ஒரு குறை இருந்தது. கோடு வரும், நிழல் வராது. கன்னத்தின் உருட்சியோ, பட்டுச்சேலையின் மினுமினுப்போ அதில் வராது. அதைக் கொண்டுவந்தது கல்லச்சு, அதாவது லித்தோகிராஃப். எண்ணெய்ப்பசை தண்ணீரோடு ஒட்டாது என்ற எளிய விஷயத்தை வைத்து, வழுவழுப்பான கல்லில் படத்தை வரைந்து அச்சடிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம் இந்த முறையில்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்தில் அடித்து நாடு முழுவதும் அனுப்பியது. கோயிலுக்குள் நுழையவே அனுமதி மறுக்கப்பட்ட மக்களின் வீட்டுச் சுவரிலும் சாமி வந்து உட்கார்ந்தது. இது சாதாரண மாற்றம் இல்லை.

சென்னையில் இருந்து கோவில்பட்டி வரை

கொண்டையராஜு 1898-ல் சென்னையில் பிறந்தார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தார். இன்றைய கவின்கலைக் கல்லூரிதான் அது. 1850-ல் தொடங்கிய இந்தப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் உடலமைப்பு, ஒளி, நிழல், தூரம் காட்டுவது எல்லாம் சொல்லித் தரப்பட்டது.

படித்து முடித்தவர் நேராக வேலைக்குப் போய் செட்டில் ஆனாரா என்றால், அதுதான் இல்லை. ஆன்மிக நாட்டம் அவரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனது. ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். துறவியாகவே போய்விடலாம் என்ற எண்ணம் இருந்தவர், பிறகு தூரிகைக்கே திரும்பினார். ஆனால் அந்த எளிமை கடைசிவரை அவரை விடவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. பணம் சேர்ப்பதில் ஆர்வம் காட்டவில்லை.

அடுத்து அவர் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளுக்கு ஓவியர்கள் அவசியம். அரண்மனை, காடு, தெரு, கயிலாயம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் பெரிய படுதாவில் சீன் வரைய வேண்டும். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். வெளிச்சத்தில் நிறம் செத்துப்போகக் கூடாது. இந்தப் பயிற்சி அவருடைய பிற்காலப் படங்களில் அப்படியே தெரியும். சாமிக்குப் பின்னால் வரும் தூண்கள், திரைச்சீலை, தூரத்து மலை, ஆறு எல்லாம் மேடையில் இருந்து வந்தவைதான்.

1931-ல் தமிழில் பேசும்படம் வந்த பிறகு நாடகக் கம்பெனிகள் மெல்ல மெல்லத் தள்ளாட ஆரம்பித்தன. நடிகர்கள் பலர் சினிமாவுக்குப் போனார்கள். சீன் வரைந்தவர்கள்? 1940-களில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த கொண்டையராஜு, அங்கேயே தங்கிவிட்டார். பிழைப்புக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. பெயர் தேவி ஆர்ட் ஸ்டுடியோ. சுப்பையா, ராமலிங்கம், அருணாச்சலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். வெறும் போட்டோ ஸ்டுடியோவாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். பக்கத்தில் சிவகாசி இருந்தது.

சிவகாசிக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்?

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைவு, விவசாயம் கஷ்டம், வேலை தேடும் கைகள் அதிகம். காய்ந்த காற்று தீக்குச்சிக்குத் தோதாக இருந்தது. தீப்பெட்டிக்குப் பின்னாலேயே பட்டாசு வந்தது.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளை வெளியூரில் அடித்து வரவழைப்பதைவிட இங்கேயே அடித்தால் என்ன? அப்படித்தான் சிவகாசியில் அச்சகங்கள் வளர்ந்தன. லேபிள் அடிக்கும் எந்திரம் வருடம் முழுக்க ஓட வேண்டுமே, அதற்குக் காலண்டர் கைகொடுத்தது. காய்ந்த காற்று தீக்குச்சிக்குச் செய்த உதவியைக் காகிதத்துக்கும் மைக்கும் செய்தது.

காலண்டர் வியாபாரம் நடக்கும் விதம் சுவாரசியமானது. ஓவியரிடம் படம் வாங்கி, கடையின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு அச்சகம் அடித்து வைக்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். இன்றைக்கும் அந்த வழக்கம் இருக்கிறது. ஏஜென்ட்கள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். பிறகு அந்தந்தக் கடையின் பெயர் அச்சாகி, புது வருடத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் கைக்கு இலவசமாக வந்துவிடும்.

அதாவது, எந்தப் படம் ஓடும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்தார். வீட்டில் பூஜைக்கு வைக்க முடியாத படத்தை யாரும் ஆர்டர் செய்ய மாட்டார்கள். கொண்டையராஜுவின் படங்கள் தேறியது இந்தப் பரீட்சையில்தான்.

அவர் படத்தில் அப்படி என்ன இருந்தது?

ரவிவர்மாவின் தெய்வங்கள் அழகானவை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு கதையின் நடுவே நிற்கும் மனிதர்களைப் போல இருக்கும். கொண்டையராஜு அந்த ஒளி நிழலை எடுத்துக்கொண்டார். உடம்பின் நிலை, கையில் இருக்கும் ஆயுதம், முத்திரை போன்றவற்றைத் தமிழ்நாட்டுக் கோயில் சிற்பங்களில் இருந்து எடுத்தார். நகைகளின் பளபளப்பில் தஞ்சாவூர் ஓவியத்தின் சாயல் உண்டு. பின்னணியை நாடக மேடை கொடுத்தது.

இவ்வளவும் சேர்ந்தாலும் முக்கியமானது அந்தப் பார்வைதான். கோயிலில் நாம் சாமியைப் பார்க்கப் போகிறோம், சாமியும் நம்மைப் பார்க்க வேண்டும். அதுதான் தரிசனம். கொண்டையராஜுவின் முருகன் அடுத்தவரிடம் பேசிக்கொண்டு இருக்க மாட்டார், உங்களையே பார்ப்பார். சூடம் காட்டினால் ஏற்றுக்கொள்கிற படம் அது. மீனாட்சி கல்யாணம், கஜேந்திர மோட்சம் போல ஒரு முழுக் கதையைச் சொல்லும் படங்களையும் வரைந்தார்.

பார்க்காததற்கு முகம் கொடுப்பது

இந்த இடத்தில் ஐரோப்பாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 1515-ல் குஜராத் சுல்தானின் பரிசாக ஒரு காண்டாமிருகம் போர்ச்சுகீசியர்கள் மூலம் லிஸ்பனுக்குக் கப்பலில் போனது. ஜெர்மனியின் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அந்த மிருகத்தைப் பார்த்ததே இல்லை. யாரோ வரைந்த ஒரு படத்தையும் விவரத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்கில் ஒரு காண்டாமிருகத்தை அச்சிட்டார். உடம்பெல்லாம் கவசத் தகடு, முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு. 200 ஆண்டுகளுக்கும் மேல் ஐரோப்பியர்களுக்குக் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான். ஒரு படம் ஆயிரக்கணக்கில் அச்சானால், நிஜத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

நம்ம ஊரில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டியூரர் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் படத்தில் அழுத்தமாகப் பதித்தார். 500 வருடம் கழித்தும் அது யாருடைய படம் என்று உலகத்துக்குத் தெரிகிறது.

பெயர் எங்கே போனது?

கொண்டையராஜுவும் கையெழுத்துப் போட்டவர்தான். சில படங்களில் அவர் பெயரோடு சீடர் சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். குருவும் சீடர்களும் ஒரே பட்டறையில், ஒரே பாணியில் வரைந்ததால் எந்தக் கோடு யாருடையது என்று பிரிப்பது கஷ்டம். அதை அவர் ஒரு பிரச்சினையாக நினைத்ததாகவும் தெரியவில்லை.

ஆனால் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கையெழுத்துக்கு அடுத்தடுத்து நடந்ததைப் பாருங்கள். ஃபிரேம் போடும்போது விளிம்பு வெட்டுப்பட்டது. மறுபடி அச்சடித்தபோது மங்கியது. வேறு யாரோ பார்த்து வரைந்தபோது காணாமல் போனது. இன்று அதே சாயலில் ஒரு படம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கமாக வரும்போது, வரைந்தவர் என்று ஒருவர் இருந்த சுவடே இல்லை.

இன்னொரு பக்கம், கலை உலகமும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் படித்த அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, கொண்டையராஜு கோவில்பட்டியில் வரைந்துகொண்டுதான் இருந்தார். நவீன ஓவியம் பற்றிய பேச்சில் காலண்டர் ஆர்ட் என்பது பெரும்பாலும் திட்டுகிற வார்த்தையாகவே இருந்தது. அவரைப் பற்றி ஆழமாக ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்க்லிஸ். நம்ம பக்கத்து ஊர்க்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

காலண்டரின் ஆயுள் ஒரு வருடம். அதற்கப்புறம் சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. ஃபிரேம் போடுவார்கள், அட்டையை வெட்டிப் பூஜை அலமாரியில் ஒட்டுவார்கள், அதுவும் நைந்துபோனால் கோயில் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். இருக்கன்குடி போன்ற கோயில்களின் ஓரத்தில் மழையிலும் வெயிலிலும் நிறம் போய்க் கிடக்கும் அந்தப் படங்களில், எத்தனை அவருடையவை என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை.

மரக்கட்டையாவது மிஞ்சினால் மறுபடி அச்சடிக்கலாம். காலண்டருக்கு வரைந்த மூலப்படம் பெரும்பாலும் அச்சகத்தோடு போய்விடும். ஆஃப்செட் பிளேட் வேலை முடிந்ததும் பழைய இரும்புக்கடைக்குப் போகும். கடைசியில் மிஞ்சுவது வீட்டில் இருக்கும் காகிதம் மட்டும்தான்.

அதனால் வீட்டில் தாத்தா காலத்துச் சாமி படம் ஏதாவது இருந்தால், அடுத்த முறை தூசி தட்டும்போது கீழ் ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சி.கொண்டையராஜு என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அச்சிட்ட அச்சகத்தின் பெயர், காலண்டர் கொடுத்த கடையின் பெயர், வருடம் எதுவும் தெரிந்தால் பின்னால் பென்சிலால் குறித்து வையுங்கள். ஃபிரேம் மாற்றும்போது விளிம்பை வெட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.