க்டெசிபியஸ்

கி. மு. மூன்றாம் நூற்றாண்டில், தாலமி மன்னர் ஆண்ட அலெக்ஸாந்திரியா மாநகரில், நாவிதரொருவர்க்கு மகனாய்ப் பிறந்தவர் க்டெசிபியஸ். தந்தையார் கடையில் முகம் பார்க்குங் கண்ணாடியை எளிதின் ஏற்றவும் இறக்கவும் வேண்டி, அதன் கயிற்று மறுமுனையில் ஈயக்குண்டொன்றைக் கட்டி, மூலையில் நிறுத்திய குழாயினுள் மறைத்துத் தொங்கவிட்டார். குண்டு விரைந்திறங்குங்கால், குழாயில் அடைபட்ட காற்று நெருக்குண்டு வெளிப்பட்டு ஒலியெழுப்பிற்று. கடைக்கு வந்தோர் பலரும் அதனைக் கேட்டிருப்பர்; ஒலியின் காரணத்தைத் தேடிச் சென்றவர் அவ்விளைஞரே.

நீரை மேலேற்றும் இரட்டைக்குழாய்ப் பொறி, நீர்விசையால் ஒலிக்கும் ஆர்கன், திருத்தமுற்ற நீர்க்கடிகாரம் ஆகியன அவர் பெயரோடு வழங்குவன. எனினும் நம் உள்ளத்தைக் கவர்வது அவர் இயற்றிய காற்றுக் கவண்பொறியே. அந்நாளைய கவண்பொறிகள் முறுக்கிய நரம்புக் கயிறுகளின் விசையாற் கல்லெறிந்தன. நரம்போ ஈரத்திற் றளரும், நாட்படின் சோரும். க்டெசிபியஸ் அதனை நீக்கி, வெண்கல உருளைகளை வைத்தார். நாணை இழுக்குங்கால், பொறியின் கைகள் தண்டுகளை அவ்வுருளைகளுட் செலுத்தும். உள்ளிருக்கும் காற்று இறுகும். நாணை விடுத்தவுடன் காற்று விரிந்து தண்டுகளை வெளியே உந்த, கைகள் பாயும், கல் பறக்கும். தண்டிற்கும் உருளைக்கும் இடையே மயிரிழை இடைவெளியிருப்பினும் காற்றுக் கசிந்து விசை கெடும். ஆகவே உருளையின் உட்புறத்தைக் கடைந்து மெருகிடுதலே அரிய வேலையாயிற்று. காற்றின் வலியைக் கண்டறிவது ஒன்று. அதனை அடைத்து வைப்பது வேறொன்றன்றோ?

அவர் எழுதிய நூல்கள் அனைத்தும் அழிந்தன. கண்ணாடிக் கதையை உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் வாயிலாகவும், பொறியின் அமைப்பைப் பைசாந்தியத்துப் பிலோ வாயிலாகவுமே நாம் அறிகின்றோம்.